கடைக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

(பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவ மாணவியருக்காகவும் பெற்றோருக்காகவும் நம் பள்ளிவாசல் கூடத்தில் நடைபெற்ற கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சியில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

    

மதரஸாவில் கிதாபு ஓதி வந்தவன் நான். கல்லூரிப் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும், நம் மஹல்லாவில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய வழக்குகள் பல என்னிடம் வருகின்றன. அவற்றுள் ஒன்று என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. அதைச் சொல்லியே என் உரையைத் தொடங்குகிறேன்.

ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின் தந்தையும் மகனுமாக இருவர் என்னிடம் வந்தார்கள். மகனுக்குப் பி.காம். வகுப்பிலும் இடம் கிடைத்திருந்தது, பி.ஏ. பொருளியல் வகுப்பிலும் இடம் கிடைத்திருந்தது. "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்கள். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை வணிகவியல் படித்தால் கணக்கு எழுதுவான், வரி கட்டுவான், கடையைப் பார்ப்பான். பொருளாதாரம் படித்து என்ன செய்யப் போகிறான்? மேடையில் பேசப் போகிறானா?" என்று தந்தை கேட்டார்.

மகன் தலை குனிந்தபடியே, "அத்தாவின் பழைய பேரேட்டை நான் முழுவதும் பார்த்தேன், ஹஜ்ரத். ஒரு பைசா பிழையில்லை. பிறகு ஏன் தொழிற்கூடத்தை மூட வேண்டி வந்தது என்று கேட்டால் அத்தாவால் பதில் சொல்ல முடியவில்லை" என்றான்.

அந்தத் தந்தை காலணியின் மேற்பகுதியை, தொழிலில் 'அப்பர்' என்பார்களே அதை, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் வைத்திருந்தவர். நேர்மையானவர், கடனுக்கு அஞ்சுபவர், அன்றன்றைய வரவு செலவை அன்றன்றே எழுதுபவர். 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, ஐரோப்பாவிலும் மக்கள் வாங்குவதைக் குறைத்தபோது, அவருக்கு வேலை கொடுத்துவந்த பெரிய நிறுவனத்துக்கு வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. நிறுவனம் அவருக்குக் கொடுத்த வேலையை நிறுத்தியது. சில மாதங்களில் இயந்திரங்களை விற்றார். அவருடைய கணக்கில் தவறில்லை. ஆனால் அவரைக் கவிழ்த்த காரணம் அவருடைய கணக்குப் புத்தகத்திலேயே இல்லை!

சகோதரர்களே! இதுதான் இன்றைய என் பேச்சின் சாரம். வணிகவியல் நம் கடையின் வாசற்படிக்கு உள்ளே நடப்பதைக் கற்றுத் தருகிறது. பொருளியல் அந்த வாசற்படியைத் தாண்டி வெளியே நடப்பதைக் கற்றுத் தருகிறது. வியாபாரமோ வாசற்படியின் மீதே நடக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் இரண்டின் பார்வையும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஒருவர் தம் சொந்தக் கட்டடத்தில், தம் சொந்தப் பணம் 8 லட்சம் ரூபாயைப் போட்டு, தாமே உட்கார்ந்து கடை நடத்துகிறார். ஆண்டு முடிவில் எல்லாச் செலவும் போக 4,80,000 ரூபாய் லாபம் என்று கணக்காளர் எழுதிக் கொடுக்கிறார். அது சரியான கணக்கே. அதே மனிதரிடம் பொருளியல் அறிந்தவர் மூன்று கேள்விகள் கேட்பார். இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? மாதம் 10,000 வீதம் ஆண்டுக்கு 1,20,000. நீங்கள் வேறொருவரிடம் வேலை பார்த்திருந்தால்? மாதம் 20,000 வீதம் 2,40,000. அந்த 8 லட்சத்தை நம்பிக்கையானவரின் வியாபாரத்தில் லாப நஷ்டப் பங்காகக் கொடுத்திருந்தால்? ஏறத்தாழ 80,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து 4,40,000. அப்படியானால் இந்தக் கடையை நடத்தியதனால் கூடுதலாகக் கிடைத்தது 40,000 ரூபாய் மட்டுமே. அந்தத் தெருவில் வாடகை 15,000 ஆக உயர்ந்துவிட்டால் விட்டுக்கொடுத்த தொகை 5,00,000 ஆகிவிடும். பேரேடு லாபம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையில் ஆண்டுக்கு 20,000 ரூபாய் குறைவில் அவர் நிற்பார்.

இதைப் பொருளியலார் 'வாய்ப்புச் செலவு' என்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகின்ற மற்றொன்றின் மதிப்பு அது. இதைக் கேட்டு நாளையே கடையை மூடிவிட வேண்டும் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். பரம்பரைத் தொழில், பிள்ளைகளுக்குப் பழக்கம், நம்மை நம்பிய ஊழியர்கள் என்று எத்தனையோ காரணங்களுக்காகக் கடையைத் தொடரலாம். ஆனால் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதை அறிந்து தொடர வேண்டும்.

இரண்டாவது உதாரணம் வரி. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. விலைப்பட்டியல் எவ்வாறு போடுவது, உள்ளீட்டு வரியை எவ்வாறு கழிப்பது, படிவத்தை எந்தத் தேதிக்குள் தாக்கல் செய்வது என்பவற்றை வணிகவியல் மாணவர் கற்கிறார். அந்த வரியை முடிவில் யார் சுமக்கிறார் என்பதைப் பொருளியல் மாணவர் கற்கிறார். உப்பின் விலை ஏறினாலும் மக்கள் உப்பை வாங்காமல் இருக்க முடியாது. எனவே அதன் மீது வரி விதித்தால் அது பெரும்பாலும் வாங்குபவர் தலையில் விழும். அத்தரின் விலை ஏறினால், 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று வாடிக்கையாளர் போய்விடுவார். அங்கே வரியின் பெரும் பகுதியை விற்பவரே தம் லாபத்தில் தாங்க வேண்டி வரும். இதற்குத் 'தேவை நெகிழ்ச்சி' என்று பெயர். வரியைக் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் மற்றொருவர் என்ற இந்த நுட்பம் தெரியாமல் விலை வைத்து நொடித்துப்போன கடைகள் உண்டு.

மூன்றாவது உதாரணத்தைச் சற்று வருத்தத்துடன் சொல்கிறேன். நம் பாலாற்றங்கரைத் தோல் தொழிலைப் பற்றியது அது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போய்விட்டது என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. வேலூர் வட்டாரம் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத ஆலைகள் இயங்கக் கூடாது என்று ஆணையிடப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் அத்தீர்ப்பு கூறியது. அந்த மாசுக்கான இழப்பீட்டைப் பற்றி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது என்பதிலிருந்தே அந்தக் கடன் எவ்வளவு நீளமானது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த ஆலைகளில் கணக்குப் பிள்ளைகள் இல்லையா? இருந்தார்கள். தோலின் விலை, சுண்ணாம்பின் விலை, கூலி, மின்சாரம் எல்லாம் எழுதப்பட்டன. ஆற்றில் விட்ட நீருக்கு மட்டும் எந்த ஏட்டிலும் பற்று எழுதப்படவில்லை. அதை அண்டை ஊர் விவசாயியின் கிணறு எழுதி வைத்திருந்தது! நம் செயலின் செலவு நம் கணக்கில் வராமல் பிறர் தலையில் விழுவதைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கில்லை என்ற நம் மார்க்கத்தின் அடிப்படைச் சட்டத்தை அறிந்த எவருக்கும் இந்தப் பாடம் அந்நியமானதன்று. தொழில் முதலாளிகளின் பிள்ளைகள் கல்லூரியில் இதைப் படித்திருந்தால், நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே தம் வீட்டுக் கூடத்தில் சொல்லியிருப்பார்கள் அல்லவா?

இந்த இரண்டு கல்விகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. மாணவர்களே! நீங்கள் மேல்நிலை வகுப்பில் வணிகவியலையும் கணக்குப்பதிவியலையும் பொருளியலையும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படித்தவர்கள். நம் நாட்டில் வணிகக் கல்விக்கென 1913ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கப்பட்ட சிடன்ஹாம் கல்லூரியின் பெயரிலேயே வணிகவியலும் பொருளியலும் சேர்ந்திருக்கின்றன. பிற்காலத்தில் அரசியல் சட்டத்தை வரைந்த டாக்டர் அம்பேத்கர், 1918 முதல் 1920 வரை அந்தக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தார். வணிகம் பயில வந்த மாணவர்களுக்குப் பொருளியல் போதிக்க அத்தகைய அறிஞரை அமர்த்தினார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனிதன் எவ்வாறு மாறுகிறான் என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. 1892ஆம் ஆண்டு தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜே.சி. குமரப்பா. இலண்டனில் கணக்காளராகப் பயிற்சி பெற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து 1928இல் பட்டம் பெற்றார். அத்துடன் நிற்காமல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற பேராசிரியரிடம் பொருளியலும் பொது நிதியும் பயின்றார். அம்பேத்கருக்கும் ஆசிரியராக இருந்தவர் அதே செலிக்மன்தான்.

நிறுவனங்களின் வரவு செலவைத் தணிக்கை செய்து பழகிய குமரப்பா, இப்போது ஒரு நாட்டின் வரவு செலவைத் தணிக்கை செய்யத் தொடங்கினார். ஆங்கில அரசு இந்திய மக்களிடம் வாங்கும் வரி எங்கே போகிறது, மக்கள் ஏன் வறுமையில் கிடக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். 1929இல் தாயகம் திரும்பி, அந்த ஆய்வைக் காந்தியடிகளிடம் கொண்டு சென்றார். காந்தியடிகள் அதைத் தம் 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டதோடு, குஜராத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களை ஆய்வு செய்யும் பணியையும் அவரிடம் ஒப்படைத்தார். விவசாயியின் குடிசை வாசலில் உட்கார்ந்து அவன் வரவு செலவைக் கேட்டு எழுத ஒரு தணிக்கையாளரின் கை வேண்டும். அந்த எண்களுக்குப் பின்னால் ஓர் அரசின் வரிக் கொள்கை நிற்பதைக் காண ஒரு பொருளியலாளரின் கண் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

எதிர்த் திசையிலிருந்து வந்தவரும் உண்டு. வங்காள தேசத்தின் முஹம்மது யூனுஸ், சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மக்கள் மடிவதைக் கண்டபோது, தாம் வகுப்பறையில் போதிக்கும் கோட்பாடுகள் அவருக்கு வெறுமையாகத் தோன்றின. பல்கலைக்கழகத்தின் அருகிலிருந்த ஜோப்ரா கிராமத்துக்குப் போய், மூங்கில் இருக்கை முடையும் பெண்ணின் கணக்கைக் கேட்டார். மூங்கில் வாங்கக் கடன் கொடுத்தவரிடமே முடைந்ததை விற்க வேண்டியிருந்ததால் அவளுக்கு மிஞ்சியது சில காசுகளே. அந்தக் கிராமத்தில் அவ்வாறு சிக்கியிருந்த 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்த முதல் சுமார் 27 டாலர். அவர் பின்னர் அமைத்த கிராமீன் வங்கியின் வட்டியைப் பற்றி நமக்கு மார்க்க ரீதியான கேள்வி உண்டு. அது தனியே பேச வேண்டியது. இங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், நாட்டுக் கணக்கு மட்டும் அறிந்த பேராசிரியர் ஒரு பெண்ணின் கடைக் கணக்கைக் கேட்ட பிறகே வறுமையின் முடிச்சைக் கண்டார் என்பதுதான்.

நம் முன்னோர்களும் இரண்டையும் பிரித்தவர்கள் அல்லர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக நிலவரி பற்றி 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை எழுதினார்கள். ஆசிரியர் கடையை அறிந்தவர். மாணவர் கருவூலத்தை அறிந்தவர். வரிச்சுமை அளவு மீறும்போது மக்கள் உழைப்பில் ஊக்கம் இழந்து அரசின் வருவாயே குறைந்துவிடும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் விளக்கியிருக்கிறார்.

பெற்றோர்களே! 'இதெல்லாம் சரி, பிழைப்புக்கு வழி உண்டா?' என்று நீங்கள் கேட்பது நியாயம். விசாரித்து அறிந்தவற்றைச் சொல்கிறேன். பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் நிலைத் தேர்வில் நான்கு தாள்கள். அவற்றுள் ஒரு முழுத் தாள் வணிகப் பொருளியல். ரிசர்வ் வங்கியின் 'பி' நிலைப் பொது அதிகாரி பதவிக்கான இரண்டாம் கட்டத் தேர்வில் ஒரு தாள் பொருளாதார, சமூகப் பிரச்சினைகள். இன்னொரு தாள் நிதியும் மேலாண்மையும். அதாவது, நாட்டின் தலைமை வங்கி இரண்டையும் அறிந்தவரையே தேடுகிறது. மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது, அதற்குப் பொருளியலிலோ அதன் கிளைகளிலோ முதுகலைப் பட்டம் வேண்டும்.

சேர்த்துப் படிக்கும் வழிகள் மூன்று. முதலாவது, பி.காம். அல்லது பி.பி.ஏ. சேருகிறவர்கள் அதில் வரும் பொருளியல் தாளை 'தேர்ச்சி பெற்றால் போதும்' என்று ஒதுக்காமல் முதன்மைப் பாடம் போல் படிப்பது. இரண்டாவது, இளங்கலையில் ஒன்று, முதுகலையில் மற்றொன்று என அமைத்துக்கொள்வது. இதற்குச் சேர்க்கை விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மூன்றாவது, ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கு அனுமதி அளித்தது. வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகவும் படிக்கலாம். ஒன்றைக் கல்லூரியிலும் மற்றொன்றைத் தொலைநிலைக் கல்வியிலும் படிக்கலாம். தொலைநிலைப் படிப்பு மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இதில் சிரமமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பொருளியல் மேலே செல்லச் செல்ல கணிதமாகவும் புள்ளியியலாகவும் மாறும். மேல்நிலையில் கணிதத்தை விட்டவர்கள் முதல் ஆண்டிலேயே அதைத் தனியே கற்றாக வேண்டும். இரண்டு பட்டம் என்றால் தேர்வுகள் இரு மடங்கு. காலையில் கல்லூரி, மாலையில் கடை என்றிருக்கும் பிள்ளையின் தோளில் மூன்றாவது சுமையை ஏற்றினால் ஒன்றும் உருப்படாது. அவனுக்கு முதல் வழியே போதும். மேலும், பொருளியல் படித்தவன் அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்று சொல்லும் ஜோதிடன் அல்லன். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. எந்தெந்த வாசலில் ஆபத்து வரக்கூடும் என்று பார்த்து வைக்க மட்டுமே இக்கல்வி உதவும்.

அந்த ஆபத்து மீண்டும் வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் நம் வட்டாரம் கலங்கியது. அப்போது அந்தத் தந்தையின் முகம் என் நினைவுக்கு வந்தது. ஒரே நிறுவனத்தை, அந்த நிறுவனத்தின் வழியாக ஓரிரு நாடுகளின் சந்தையை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் ரிஸ்க்கை நிறுத்தி வைத்தால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பெயர் தெரியாது, அளக்கத் தெரியாது, முன்கூட்டியே யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

அன்றிரவு அவரிடம் நான் சொன்னது இதுதான்: "பாய், உங்கள் மகன் உங்கள் கணக்கில் குறை காணவில்லை. உங்கள் கணக்கில் எழுத இடமில்லாமல் போன பக்கத்தை எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறான்." மகனிடம், "தம்பி, உன் அத்தா நாள்தோறும் கணக்கு எழுதிய ஒழுங்கை நீ கற்காவிட்டால், நாட்டுக் கணக்கு முழுவதும் தெரிந்தும் பயனில்லை" என்றேன். வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்கள். மகன் பி.காம். வகுப்பில் சேர்ந்தான், தொலைநிலைக் கல்வியில் பொருளியலும் படிக்கிறான். அதற்கான கட்டணத்தைத் தந்தையே செலுத்தினார். அந்தப் பழைய பேரேடு இப்போது மகனின் மேசையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

ஜமாஅத் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நம் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில், பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இருக்கும் கட்டத்தைப் போலப் பொருளியலுக்கும் வணிகவியலுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு விடுமுறையில் இந்தக் கூடத்திலேயே ஒரு வகுப்பு நடத்துங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அதில் இடம் இருக்கட்டும். பல வீடுகளில் வரவு செலவைச் சமாளிப்பவர்கள் அவர்கள்தாமே!

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், தம் லாபத்தில் பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.